பினாயிலுக்கு அஞ்சாத நச்சுயிரி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பினாயில் மணக்கும் இடம் சுத்தமான இடம் என்பது நம்மில் பலர் ஐயமின்றி நம்பும் செய்தி. மருத்துவமனை நடையிலும் பேருந்து நிலையக் கழிப்பிடத்திலும் அந்த வாடை மூக்கில் ஏறியதும், 'கழுவியிருக்கிறார்கள்' என்று மனம் நிறைவடைகிறோம். தரையில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றைப் பினாயில் கொல்லும் என்பதும் உண்மையே. ஆனால் நாய்க்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும் பார்வோ என்னும் நச்சுயிரியிடம் பினாயிலை நம்பினால் ஏமாந்து போவோம். இதை அறியாமல் நாள்தோறும் வாளி வாளியாகப் பினாயில் கரைத்து ஊற்றுகிற நாய்க்கூடங்கள் ஏராளம்.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற நாட்டு நாய்கள் எல்லாம் நம் தென்மாவட்டங்களைச் சேர்ந்தவை. ஆடு மாடு போலவே நாய்க்குட்டி விற்ற பணத்தில் பள்ளிக் கட்டணம் கட்டிய வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து ரத்தக்கழிச்சல் கண்டு மடிந்தால், அந்த வீட்டில் விழும் அடி சிறியதன்று.

என் தாய்மாமன் நாய் வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில் கூடங்களைக் கழுவும் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், வங்கிப் படிவம் நிரப்புவது முதல் சாரைப்பாம்புக்கு நஞ்சு உண்டா என்பது வரை எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். சென்ற ஆண்டு அவர் கேட்டார்: "மருமகனே, நீ விலங்கியல்தானே படிக்கிறே? ரெண்டு வேளையும் பினாயில் ஊத்தித்தான் கழுவுறேன். பெறகு ஏன் குட்டி சாவுது? மொதலாளி என்னைத்தான் ஏசுறாரு." அவர் கேட்டது நூற்றுக்கு நூறு அறிவியல் கேள்வி. அதற்கு விடை தேடப் போய்ப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பார்வோ என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் சிறியது என்று பொருள். பெயருக்கு ஏற்ப அதன் குறுக்களவு ஏறத்தாழ 26 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இவற்றை வரிசையாக அடுக்கினால் முப்பத்தெட்டாயிரம் அடுக்கலாம். நம் ஆய்வகத்து நுண்ணோக்கியில் எவ்வளவு முயன்றாலும் தென்படாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உள்ளே ஒற்றை இழை டி.என்.ஏ., வெளியே புரதத்தாலான ஒரு கூடு. அவ்வளவே அதன் உடல்.

அதன் வலிமையெல்லாம் அதற்கு இல்லாத ஒன்றில் இருக்கிறது. நச்சுயிரிகளில் சிலவற்றுக்குப் புரதக் கூட்டின் மேல் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு, சிலவற்றுக்கு இல்லை. போர்வை போர்த்தியவன் குளிரைத் தாங்குவான் என்பது நம் அனுபவம். இங்கே கதை தலைகீழ். கொழுப்பு உறை உள்ள நச்சுயிரி, உயிரணுவுக்குள் நுழைவதற்கு அந்த உறையில் பதிந்துள்ள புரதங்களையே நம்பியிருக்கிறது. சோப்பு பட்டால் கொழுப்பு கரையும். உறை போனால் நுழையும் வழியும் போயிற்று. 2020-இல் கொரோனா வந்தபோது நாமெல்லாம் சோப்பும் சாராயக் கலவையும் கொண்டு கை கழுவியதன் பொருள் இதுதான். வெறிநோய் நச்சுயிரியும் உறை உடையதே. அதனால்தான் நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் சொல்கிறார்கள். (கழுவியபின் தடுப்பூசிக்கு ஓடவேண்டும் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.) பார்வோவுக்கோ கரைவதற்கு உறையே கிடையாது. ஒரே நாயின் உடலில் வரக்கூடிய இரண்டு நச்சுயிரிகளில் ஒன்று சோப்புக்கு அழியும், மற்றொன்று அழியாது. சாராயம், பினாயில், காயத்துக்குத் தடவும் கிருமிநாசினி முதலியவற்றை இந்தப் புரதக் கூடு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. வெயில் படாத இடத்தில் மாதக்கணக்கிலும், நிழலான ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் அது வீரியம் குன்றாமல் காத்திருக்க வல்லது.

இவ்வளவு வலிய பகையாயினும் வயதில் இது மிக இளையது. 1978-க்கு முன் நாய்களிடையே இந்த ரத்தக்கழிச்சல் நோயை மருத்துவர்கள் கண்டதில்லை. பூனைகளைத் தாக்கும் பழைய பார்வோ நச்சுயிரியோ அதன் நெருங்கிய உறவோ சில மாற்றங்களுடன் நாய்க்குத் தாவியது என்பது அறிவியலாளர் முடிவு. 1978-இல் தலைகாட்டி, இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத காலம் அது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் ஆகியோர் விரைந்து தடுப்பூசியை உருவாக்கினர். 1982-இல் சென்னையிலிருந்தே இந்நோய் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்துவிட்டது. அன்று தொடங்கி அது நம்மை விட்டு அகலவில்லை. மனிதருக்கு இது தொற்றாது. மனிதரைத் தாக்கும் பார்வோ வேறு வகை. ஆனால் நம் செருப்பிலும் கைலியிலும் ஏறிக்கொண்டு வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

குட்டிகளை இது குறிவைப்பது ஏன்? தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவிகள் இதனிடம் இல்லை. ஓர் உயிரணு பிரியும் நேரத்தில் அதன் கருவிகளைத் திருடித்தான் பெருக வேண்டும். ஆகவே வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் எங்கே உண்டோ அங்கே போகும். அவ்விடங்கள் குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும். வளரும் குட்டியின் குடற்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அந்தப் புதுப்பிப்பு நின்றதும் சுவர் உரிந்து ரத்தம் கசிகிறது. எலும்பு மச்சை கெட்டதால் வெள்ளணுக்களும் குறைந்துபோகின்றன. வேலியும் சரிந்து காவலாளும் இல்லாத புஞ்சையில் மாடு புகுவது போல, குடலில் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் ரத்தத்தில் புகுகின்றன. வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக்கழிச்சல், நீரிழப்பு, சோர்வு. சிகிச்சை இல்லையேல் பெரும்பாலான குட்டிகள் சில நாட்களில் போய்விடும். தக்க நேரத்தில் கால்நடை மருத்துவர் நரம்பு வழியே திரவம் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலானவை பிழைக்கும். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து மோரும் கருப்பட்டித் தண்ணீரும் புகட்டுவது பரிவுதான், பயன்தான் இல்லை. அது மூச்சுக்குழலில் ஏறினால் அதுவே எமனாகும்.

இனி மாமாவின் வாளிக்கு வருவோம். நோயுற்ற குட்டியின் மலத்தில் ஒரு கிராமுக்கு நூறு கோடி வரை நச்சுயிரிகள் இருக்கலாம். நன்றாகக் கழுவி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு கோடி! கண்ணுக்குத் தரை பளிச்சென்று இருக்கும். மூக்குக்குப் பினாயில் மணக்கும். குட்டிக்கு அந்த ஒரு கோடியே போதும், எஞ்சும். அது மட்டுமா? நோய்க்குறி தெரிவதற்கு முன்பே, தொற்றிய நான்கைந்து நாளில், குட்டியின் மலத்தில் நச்சுயிரி வெளிவரத் தொடங்கிவிடுகிறது. 'நோய் வந்தால் கழுவிக்கொள்ளலாம்' என்பவர் அந்நேரத்தில் பின்தங்கியவரே.

இதை உறுதியாக அழிக்கும் எளிய பொருள் குளோரின். நம் ஊரில் அது பிளீச்சிங் பவுடராகக் கடைகளில் கிடைக்கிறது. புதிய தூளில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு பயன்படும் குளோரின் உண்டு. தரைக்கு வேண்டியது 0.2 விழுக்காட்டுக் கரைசல். 10 லிட்டர் வாளிக்கு 100 கிராம் தூள் போட்டால் 30 கிராம் குளோரின், அதாவது 0.3 விழுக்காடு கிடைக்கும். தூள் பழையதாகி 20 பங்காகக் குறைந்திருந்தாலும் 0.2 விழுக்காடு தேறும். எனவே நூறு கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நாள்தோறும் தராசைத் தேடவேண்டியதில்லை. ஒரு கிலோவை வாங்கியதும் பத்துச் சமமான பிளாஸ்டிக் பொட்டலங்களாகக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெயில் படாமல் வைத்துவிட்டால் வாளிக்கு ஒரு பொட்டலம். திறந்த சாக்கில் கிடக்கும் தூள் காற்றும் ஈரமும் பட்டு வெறும் சுண்ணாம்பாகிவிடும். முதலில் சிறிது நீரில் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நீரில் கரைத்து, வண்டல் அடியில் தங்கியதும் தெளிவை இறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய கரைசல் அன்றைக்கே.

ஆனால் குளோரினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மலமோ சாணமோ சோறோ எது எதிர்ப்பட்டாலும் அதனோடு வினைபுரிந்து தன் ஆற்றலை இழந்துவிடும். மலத்தின் மேலேயே கரைசலை ஊற்றுவது மருந்தை மலத்துக்குக் குடிப்பாட்டுவதே. அமைச்சர் வருகிறார் என்றால் சாலையோரம் சாக்கடையை ஒட்டிக் கோலம் போல வெள்ளைத்தூள் தூவுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வரும். காய்ந்த தூள் தூசியின் மேல் கிடந்து யாரைக் கொல்லும்?

ஆகவே முறை இதுதான். முதலில் குட்டிகளை வேறிடம் மாற்றி, மலத்தைத் தகட்டால் வழித்து வாரிவிட வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மலத்துளிகள் சுவரிலும் அடுத்த கூண்டிலும் தெறிக்கும். அடுத்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு நச்சுயிரியைக் கொல்லாது என்றேன். ஆனால் அழுக்கையும் அதனுள் ஒளிந்த நச்சுயிரியையும் பெயர்த்தெடுக்கும். அந்தச் சோப்பையும் சிறுநீரையும் நல்ல நீரால் அலசித் தள்ளிய பிறகே குளோரின் கரைசல். ஊற்றியதும் தள்ளிவிடாமல் 10 நிமிடம் தரை நனைந்தபடி இருக்க விடவேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் எல்லா இடத்திலும் திருட்டுப்போவது. பன்னிரண்டு கூண்டுகளை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் எந்த ஆள்தான் பத்து நிமிடம் காத்திருப்பார்? பிறகு மீண்டும் அலசி, முழுதும் உலரவிட்டுக் குட்டிகளை உள்ளே விடலாம். அலசாமல் விட்டால் அவற்றின் பாதமும் நாக்கும் புண்ணாகும்.

ஓர் எச்சரிக்கை. கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பிளீச்சிங் கரைசலோடு ஒருநாளும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். தேங்கிய சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்தாலும் நெடியான நச்சுவாயு எழும். கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, மூக்கில் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டே இவ்வேலையைச் செய்யவேண்டும். கையுறை வாங்கித் தருவது முதலாளியின் கடமை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பினாயிலோ பூனைகளுக்கு நஞ்சு. தரையில் பட்டதைப் பாதத்திலிருந்து நக்கியே அவை நோயுறும்.

கூடத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. வெடிப்பு விட்ட சிமெண்டுத் தரை, மரப்பலகை, கோணிச்சாக்கு ஆகியவற்றின் நுண்துளைகளுக்குள் மருந்து புகாது, நச்சுயிரி புகும். தரையை வழவழப்பாகப் பூசி, சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாக மெழுகிவிட்டால் துடைப்பம் எல்லா இடத்திலும் படும். ஒரு கூண்டின் கழிவுநீர் அடுத்த கூண்டின் வழியே ஓடும்படி வாட்டம் விட்டிருப்பதைப் பல கொட்டகைகளில் காணலாம். கட்டும்போது மிச்சப்படுத்திய சில அடி சாக்கடை, பின்னால் எத்தனை குட்டிகளை விலையாகக் கேட்கும் என்று கொத்தனாருக்குத் தெரியாது. நோயுற்ற குட்டி படுத்த சாக்கை எரித்துவிடுவதே நலம். தீனித்தட்டு எவர்சில்வராக இருக்கட்டும்.

நடமாட்டத்திலும் ஒழுங்கு வேண்டும். காலையில் முதலில் பால்குடிக் குட்டிகளின் கூடம், பிறகு பெரிய நாய்கள், கடைசியில் நோயுற்றவை என்ற வரிசையில் வேலை நடக்கவேண்டும். நோய்க்கூடத்துக்குத் தனித் துடைப்பம், தனி வாளி, தனிச் செருப்பு. வாசலில் தொட்டி வைத்து மருந்துநீரில் செருப்பை நனைக்கச் சொல்வதுண்டு. நாலு பேர் மிதித்ததும் அது சேற்றுக்குட்டை. அதைவிட உள்ளே போட ஒரு சோடி ரப்பர் செருப்பு மேல். குட்டி வாங்க வருகிறவர் ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குப் போய், எல்லாக் குட்டிகளையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அவரைத் தடுத்து நிறுத்தத் தொழிலாளிக்கு உரிமை கிடையாது. குட்டி செத்தால் ஏச்சு மட்டும் அவருக்கு. புதிதாக வாங்கி வந்த நாயை 14 நாட்களாவது தனியே வைக்கவேண்டும். நோயிலிருந்து பிழைத்த குட்டியும் மேலும் இரண்டு வாரத்துக்கு மற்றவற்றோடு சேரக் கூடாது. குளிப்பாட்டிய பிறகே சேர்க்கவேண்டும். இறந்த குட்டியைக் கண்மாய்க்கரையில் எறிவது ஊருக்கே நோயைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். ஆழக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும்.

'தடுப்பூசி போட்டுவிட்டேன், பிறகும் வந்துவிட்டதே' என்று அலுத்துக்கொள்பவர் பலர். இதற்கும் விளக்கம் உண்டு. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. அவை ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கணக்குக்காக ஒரு குட்டியிடம் தொடக்கத்தில் 1280 அளவு இருந்ததென்று கொள்வோம். 80 வரை நோயைத் தடுக்கும். 20-க்குக் குறைந்தால்தான் தடுப்பூசி வேலை செய்யும் என்றும் கொள்வோம். 40-ஆம் நாள் 80 ஆகும். 60-ஆம் நாள்தான் 20 ஆகும். இடைப்பட்ட இருபது நாள்? தாய் தந்த காப்பு நோயைத் தடுக்கப் போதாது. ஆனால் ஊசி மருந்தை முறியடிக்கப் போதும்! இந்த இடைவெளியில் போட்ட ஊசி வீண். தொடக்கத்தில் 320 மட்டுமே பெற்ற அதன் உடன்பிறப்புக்கோ இந்த இடைவெளி 20-ஆம் நாளிலிருந்து 40-ஆம் நாள் வரை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கே நாள் வேறுபடுவதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, 16 வாரம் கடக்கும் வரை ஊசியைத் தொடரச் சொல்கிறார்கள். ஓராண்டுக்குள் மேலும் ஒன்று. ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இந்த இடைவெளி நாட்களில் குட்டியைக் காப்பது ஊசியன்று, கூடத்தின் தரைதான்.

இது பண்ணைகளோடு முடிகிற சிக்கல் அன்று. 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். இடையில் சில நாட்கள் அவை கூண்டில் இருக்கும். 2025 ஆகஸ்டில் தில்லிப் பகுதித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், அதே மாதத்தில் அதைத் திருத்தியதும் செய்தித்தாள்களில் வந்தவை. அடைப்பதா விடுவதா என்று நாடே வாதிட்டது. அந்தக் கூண்டை யார், எதைக் கொண்டு, எத்தனை நிமிடம் கழுவுவார் என்று கேட்டவர் குறைவு. பத்துத் தெரு நாய்கள் ஒரே கூரையின் கீழ் வந்தால் பத்துத் தெருவின் நச்சுயிரியும் வரும். வெறிநோய் ஊசி பார்வோவைத் தடுக்காது.

நோய் வந்துபோன கூடத்தில் சிமெண்டுப் பகுதியை மேற்சொன்ன முறையில் இரண்டு மூன்று தடவை கழுவி, நன்றாக வெயில் காயவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். மண் முற்றத்துக்கு அந்த வசதி இல்லை. மண்ணில் ஊற்றிய குளோரின் மண்ணோடு போகும். மேல்மண்ணை வெட்டி எடுத்து ஆழப் புதைத்து, நிழல் தரும் தட்டிகளை அகற்றி வெயில் விழச் செய்யலாம். அப்படியும் ஓராண்டுக்கு அந்த முற்றத்தில் இளங்குட்டி எதையும் இறக்கக் கூடாது. ஊசி முறையாகப் போட்டு முடித்த பெரிய நாய்களை மட்டுமே அங்கே கட்டவேண்டும்.